மறுபாதி அட்டை

வாங்க டீச்சர், உள்ள வாங்க. அந்தச் சேர்ல இருக்காதிங்க, அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல இருங்க. சபை நூத்தாண்டு மலருக்குத்தானே வந்திருக்கிய? நம்ம கோயில் பாதிரி ஐயர் போன்ல சொன்னாவ. "காப்பகத்தைப் பத்தி எழுத ஒரு டீச்சர் வருவாவ, கிளாடிஸ் அக்கா, ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க"ன்னாவ. ஞாபகம் இருக்கிறதையா! நாப்பது வருசம் அந்த ஆபீஸ்ல டைப் அடிச்சவ நான். எனக்கு ஞாபகம் இல்லாம வேற யாருக்கு இருக்கும்?

முதல்ல ஒண்ணு சொல்லிடுதேன், மனசுல வச்சிக்கிட்டுப் பேச எனக்கு வராது. காப்பகத்துக்கு எழுபத்தஞ்சு வருசம் ஆனப்ப ஒரு மலர் போட்டாவ. அதுல மேட்ரன் ஞானாபரணம் அக்கா போட்டோ முழுப் பக்கம். சரி, அவிய மேட்ரன். சமையக்காரி பேரு இருக்கு. மாடு பாத்துக்கிட்டவர் பேரு கூட இருக்கு. என் பேரைத் தேடினா, "மற்றும் அலுவலகப் பணியாளர்கள்"னு ஒரு வரி. அந்த ஆபீஸ்ல நான் ஒருத்திதான் டீச்சர். "மற்றும்"னா நான்தான். அந்தப் புஸ்தகத்தை நான் தொறந்தே பாக்கிறதில்ல.

சரி, எழுதிக்கிடுங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருவத்தி நாலு. மிஸ் பென்வாரன் அம்மா இங்க வந்தாவ. கல்யாணம் கட்டாத வெள்ளைக்காரி. ஊர்க்காரங்க துரைசாணின்னு கூப்பிட்டதுல, காப்பகத்துக்கும் துரைசாணி பங்களான்னே பேராயிட்டு. ரிக்கார்டுல பென்வாரன் பிள்ளைகள் காப்பகம். பஸ் கண்டக்டர் வாயில கடேசி வரைக்கும் துரைசாணி பங்களாதான்.

அந்தம்மா வந்து பாத்தது என்னன்னா, இங்க பனையேறுற குடும்பம், உப்பளத்துக் குடும்பம் எல்லாம் சீசன் வந்தா வீட்டைப் பூட்டிட்டுப் போயிருவாவ. கைப்பிள்ளையையும் தூக்கிட்டுத்தான் போவாவ. அந்த வெயிலு, அந்த உப்புக்காத்து, குடிக்க நல்ல தண்ணி கிடையாது. போறப்ப இடுப்புல இருந்த பிள்ள திரும்பி வரப்ப இருக்காது. வருசா வருசம் இப்படி. அப்ப அம்மா சொன்னாவளாம், "பிள்ளையை எங்கிட்ட விட்டுட்டுப் போங்க, சீசன் முடிஞ்சதும் வந்து எடுத்துக்கிடுங்க"ன்னு. அவ்வளவுதான் காப்பகம். அநாதைப் பிள்ளைக்குன்னு ஆரம்பிச்சது இல்ல அது. தாய் இருக்கிற பிள்ளைக்கு ஆரம்பிச்சது. இதை நிறைய பேரு தப்பா எழுதுதாவ, நீங்க சரியா எழுதுங்க.

ஆனா யாரு நம்பி விடுவா? வெள்ளைக்காரி பிள்ளையைக் கப்பல்ல ஏத்திருவாள்னு ஊரெல்லாம் பேச்சு. அதுக்கு அம்மா ஒரு வழி கண்டுபிடிச்சாவ. வருசப் பிறப்புக்குக் கோயில்ல பைபிள் வசனம் அச்சடிச்ச வாக்குத்தத்த அட்டை எடுப்போம்லா, அந்த மாதிரி ஒரு பெட்டி நிறைய அட்டை. பிள்ளையை விட வந்தா, முதல்ல ஜெபம். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு ஒரு அட்டை எடுத்து வசனத்தை வாசிக்கது. வாசிச்சதும் கத்திரிக்கோலால அட்டையை நடுவுல கோணல்மாணலா வெட்டுறது. ஒரு பாதி தாய் கையில, மறுபாதி பிள்ளையோட பைல்ல. சீசன் முடிஞ்சு அவ பாதியைக் கொண்டாந்தா, ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்துட்டு பிள்ளையைக் குடுத்திருவாவ. எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கும் இது புரியும். ரெண்டும் சேந்தா பிள்ளை உன் பிள்ளை. அறுவது வருசம் இப்படி நடந்துச்சு டீச்சர். ஒரு பிள்ளை மாறினது கிடையாது. தாய் வந்து கேட்டு ஒரு பிள்ளையைக் குடுக்காம இருந்தது கிடையாது.

காப்பி போடட்டா? வேண்டாமா? சரி, அப்புறம் போடுதேன்.

நான் எழுபத்து நாலுல சேந்தேன். அப்பமே சீசன் பிள்ளைக குறைஞ்சிட்டு. ஊருக்கு ஊரு பால்வாடி வந்தாச்சு. எண்பதுக்கு அப்புறம் வெளிநாட்டுல இருந்து கடுதாசி வர ஆரம்பிச்சுது. பிள்ளை இல்லாத தம்பதிக, நல்ல ஜெபிக்கிற குடும்பங்க. மேட்ரன் அக்கா கமிட்டியில பேசினாவ, கவர்மெண்டு லைசென்சும் குடுத்திட்டு. துரைசாணி பங்களா தத்துக் குடுக்கிற இடமா மாறிட்டு. என் வேலையும் மாறிட்டு. முன்ன ஒரு ரிஜிஸ்டர், ஒரு அட்டைப் பெட்டி. இப்ப ஒப்படைப்புப் பத்திரம், கோர்ட்டு மனு, டாக்டர் சர்டிபிகேட்டு, எல்லாம் நாலு காப்பி. எல்லாம் இந்த விரலுதான்.

அட்டை வெட்டுறதை மட்டும் விடல. கமிட்டியில ஒரு ஐயர் கேட்டாவ, "இப்பதான் பிள்ளை திரும்பப் போறதில்லையே, அட்டை எதுக்கு"ன்னு. மேட்ரன் அக்கா, "அது நம்ம பாரம்பரியம், அம்மா ஏற்படுத்தினது"ன்னாவ. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுது. கையில ஏதாவது குடுத்து அனுப்பினா அந்தப் பொம்பளைங்க அழாமப் போவாவ. பத்திரத்துல கைநாட்டு வைக்கவும் தயங்க மாட்டாவ. சும்மா வெறுங்கையா அனுப்புறது நல்லாவா இருக்கும்? ஒரு ஆறுதலுக்குத்தான் டீச்சர். வேற ஒண்ணும் இல்ல.

எண்பத்தெட்டுல, மாசி மாசம், சொர்ணக்கனின்னு ஒருத்தி வந்தா. இருவத்தாறு வயசிருக்கும். புருசன் பனையில இருந்து விழுந்து செத்து நாலு மாசம். இடுப்புல அஞ்சு மாசப் பொம்பளப் பிள்ள, கையைப் புடிச்சிக்கிட்டு நாலு வயசுப் பையன். உப்பளத்துக்குப் போறா. அதுக்கு முந்தி ஒரு பிள்ளையை உப்பளத்துலயே வயித்துப்போக்குல பறிகொடுத்தவ. "இதையும் அங்க தூக்கிட்டுப் போனா அதே கதிதாம்மா. பையன் நடப்பான், அவனைக் கூட்டிட்டுப் போயிருவேன். இவளை மட்டும் வச்சிக்கிடுங்க. மழை விழுந்ததும் வந்திருதேன்"ன்னா.

இது தத்துக் குடுக்கிற இடம்னு நான் சொல்லாம இருந்தேன்னு நினைச்சிராதிங்க. பத்திரத்தை முழுசா வாசிச்சேன். ஒரு வரி விடல. "இதனால் நான் எனது பூரண சம்மதத்துடன்"னு ஆரம்பிச்சு, "மூன்று மாத காலத்திற்குள் மறுபரிசீலனை செய்யாத பட்சத்தில்"னு முடியிற வரைக்கும் சத்தமா வாசிச்சேன். அவளுக்கு அந்த மூணு மாசம்ங்கிறது மட்டும் காதுல விழுந்திருக்கு. "மூணு மாசத்துல சீசன் முடியாதேம்மா, ஏழெட்டு மாசம் ஆகுமே"ன்னு கேட்டா.

நான் சொன்னேன், "அட்டை குடுப்போம்லா, பத்திரமா வச்சிக்கோ"ன்னு.

அவ்வளவுதான் சொன்னேன். பொய்யா அது? அட்டை குடுத்தோம்லா.

அவ முகம் அப்படியே தெளிஞ்சு போச்சு. "எனக்குத் தெரியும்மா, எங்க வீட்டுக்காரரையே எங்க மாமியா இங்கதான் விட்டு எடுத்தாவ. அந்த அட்டையை அவிய சாகிற வரைக்கும் டிரங்குப் பெட்டியில வச்சிருந்தாவ"ன்னா. நான் பழைய ரிஜிஸ்டர்ல அப்புறம் பாத்தேன். நிசம்தான். அறுவத்து ரெண்டாம் வருசம், ஒண்ணரை வயசுப் பையன், சீசனுக்கு விட்டது, சீசனுக்கு எடுத்தது. அந்தப் பையன்தான் பனையில இருந்து விழுந்தவன்.

கைநாட்டு வச்சா. ஜெபம் பண்ணினோம், அட்டை எடுத்து வெட்டினோம். பிள்ளைக்குக் கடேசியா ஒரு தடவை பால் குடுத்தா, அங்கனயே, என் மேசைப் பக்கத்துலயே. "இவ பேரு பிச்சிம்மா, பிச்சின்னாதான் திரும்பிப் பாப்பா"ன்னுட்டுப் போயிட்டா. அழவே இல்ல. நான் சொன்னேம்லா, அந்த அட்டை அப்படி.

அப்பம் காப்பகத்துல ஒரு ஏற்பாடு உண்டு. ரொம்பச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டமாப் போட்டா சீக்கு வரும்னு, வேலை செய்யிறவங்க வீட்டுல ஒண்ணொண்ணாக் குடுத்து வளக்கச் சொல்லுவாவ. தத்து எடுக்க ஆள் வர வரைக்கும் நம்ம பொறுப்பு. வளக்குறதுக்கு எனக்கும் முன்ன ஒண்ணு ரெண்டு தந்திருக்காவ. பிச்சியையும் என்கிட்ட தந்தாவ. காப்பகத்துல கிரேஸ்னு பேரு மாத்தியாச்சு. நானும் கிரேஸ்னுதான் கூப்பிட்டேன். மொதல்ல திரும்பிப் பாக்கல. ரெண்டு வாரத்துல பாத்துட்டா.

டீச்சர், நான் கல்யாணம் கட்டல. ஏன்னு கேக்காதிங்க, அது வேற கதை. அந்த எட்டு மாசம் அந்தப் பிள்ள என் வீட்டுலதான் இருந்துச்சு. காலையில தூக்கிட்டு ஆபீஸ் போவேன். மேசைக்குக் கீழ துணியை விரிச்சுப் போட்டுருவேன். டைப்ரைட்டர் சத்தம் கேட்டாத்தான் தூங்குவா. நிறுத்தினா முழிச்சிருவா. வேலை இல்லாட்டாலும் வெறும் பேப்பரைச் சொருகி அடிச்சிக்கிட்டு இருப்பேன். முதல் பல்லு என் கையிலதான் முளைச்சுது. முதல்ல "ம்மா"ன்னது என்னைப் பாத்துத்தான். நான் சொல்லிக் குடுக்கல, அதுவாச் சொன்னது. எனக்கு அப்படி ஒரு சந்தோசம் அதுக்கு முன்னயும் கிடையாது, பின்னயும் கிடையாது.

புரட்டாசியில டென்மார்க்குல இருந்து ஒரு புருசன் பொஞ்சாதி வந்தாவ. ஒம்பது வருசமா பிள்ளைக்காகக் காத்திருந்தவங்க. கெஸ்ட் ஹவுஸ்ல தங்கி, தினமும் வந்து பிள்ளையை மடியில வச்சிக்கிட்டு இருப்பாவ. அந்தம்மா கிரேஸ் கிரேஸ்னு கண்ணீரு விடுவா. கோர்ட்டுல தேதி குடுத்தாச்சு. ஐப்பசி முதல் வாரம் செவ்வாக்கிழமை ஆர்டர். கிரேஸை நான் குடுத்தாகணும். எனக்கும் மனசு கல்லு இல்லையே. ஆனா நான் வாயைத் தொறக்கல. கர்த்தருடைய வேலைன்னு இருந்துட்டேன்.

அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மழை விழுந்துச்சு. சனிக்கிழமை காலையில பத்தரை பதினொண்ணு இருக்கும், சொர்ணக்கனி வந்து நிக்கா.

கறுத்துப் போயிருந்தா. உப்புத் தண்ணியில நின்னு நின்னு ரெண்டு பாதமும் வெடிச்சு, துணி சுத்தியிருந்தா. ஒரு பையில மஞ்ச கலர் கவுன், ஒரு பாக்கெட் பிஸ்கட்டு. சிரிச்சிக்கிட்டே வாரா. வராண்டாவுல நின்னு முந்தானை முடிச்சை அவுத்து அந்தப் பாதி அட்டையை எடுத்து அங்க கிடந்த மேசையில வச்சா. "மழை விழுந்துட்டும்மா"ன்னா.

மேட்ரன் அக்கா பாளையங்கோட்டைக்கு வக்கீலைப் பாக்கப் போயிட்டாவ. நான் ஒருத்திதான் இருக்கேன். நான் என்ன செய்வேன் சொல்லுங்க? அந்த வெள்ளைக்காரங்க பன்னெண்டு மணிக்கு வந்துருவாவ. கோர்ட்டு தேதி இருக்கு. காப்பகத்துப் பேரு இருக்கு. இவ கையில என்ன இருக்கு? வெடிச்ச காலும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும். அடுத்த மாசியில திரும்ப உப்பளம். நீங்களே யோசிச்சுப் பாருங்க, எது பிள்ளைக்கு நல்லது?

சொன்னேன், "பிள்ளையைத் தத்துக் குடுத்து அனுப்பியாச்சு, போன மாசமே பிளேன் ஏறியாச்சு, கெடு முடிஞ்சிட்டு, பத்திரத்துல எழுதியிருக்கு"ன்னு.

அவளுக்குப் புரியல. அட்டையை என் பக்கமாத் தள்ளினா. "மறுபாதியை எடுங்கம்மா, சேத்து வச்சுப் பாருங்க, இது எம் பிள்ளை அட்டைதான்"ன்னா. அட்டையைத்தான் நான் நம்பலைன்னு நினைச்சிட்டா. வேற யாரும் வந்து ஏமாத்தி வாங்கிட்டுப் போயிருக்கக் கூடாதேன்னு, "வேற அட்டை கொண்டு வந்தவளுக்கா குடுத்திய?"ன்னு கேக்கா.

பிள்ளை உள்ளதான் இருந்துச்சு டீச்சர்.

என் மேசைக்குக் கீழ, அடுத்த ரூம்ல. டைப்ரைட்டர் நின்னு போனதும் முழிச்சிட்டா போல. "ம்மா"ன்னு ஒரு சத்தம். அப்புறம் அழுகை. சொர்ணக்கனி அப்படியே நின்னுட்டா. "அது எம் பிள்ள சத்தம்மா"ன்னா. அஞ்சு மாசத்துல விட்டுட்டுப் போனவளுக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க? பதிமூணு மாசத்துப் பிள்ள சத்தமும் அஞ்சு மாசத்துப் பிள்ள சத்தமும் ஒண்ணா? ஆனா சொன்னா. "பிச்சி"ன்னு கூப்பிட்டா. ரெண்டு தடவை. பிச்சி, பிச்சின்னு.

பிள்ள அழுகையை நிறுத்தல. அதுக்குத்தான் இப்ப கிரேஸ்னு பேராச்சே.

நான் எந்திச்சுப் போயி நடுக்கதவைச் சாத்திட்டு வந்தேன். "இங்க முப்பது பிள்ள இருக்கு. எல்லாப் பிள்ளையும் அம்மான்னுதான் கூப்பிடும்"னேன். அது கூப்பிட்டது என்னை டீச்சர். அவளை இல்ல. அது எனக்குத் தெரியும்.

ரொம்ப நேரம் படியில இருந்தா. அப்புறம் கவுனையும் பிஸ்கட்டையும் மேசையில வச்சிட்டு, "அனுப்ப முடிஞ்சா அனுப்புங்க"ன்னுட்டு, அட்டையை மட்டும் எடுத்துட்டுப் போனா. சத்தம் போட்டிருந்தா கூட நான் ஏதாவது செஞ்சிருப்பேனோ என்னமோ. அவ சத்தம் போடல.

சாயங்காலம் மேட்ரன் அக்கா வந்ததும் சொன்னேன். அவியளுக்கு முகம் வெளுத்துப் போச்சு. "இவ செவ்வாக்கிழமை கோர்ட்டுல வந்து நின்னா என்ன ஆகும்? பழைய பத்திரத்தை எடு. அதுல தாய் பேரு இருந்தாத்தானே கூப்பிட்டு விசாரிப்பாவ"ன்னாவ. பத்திரத்தையும் பைல்ல இருந்த மறுபாதி அட்டையையும் அடுப்புல போட்டாவ. புது பேப்பரு சொருகினேன். "தாய் காலமாகிவிட்டார், தகப்பன் காலமாகிவிட்டார், உறவினர் எவரும் இல்லை." அவிய சொன்னாவ, நான் அடிச்சேன். ரிஜிஸ்டர்லயும் மாத்தினோம். தப்பில்லாம அடிச்சேன். எனக்கு ஒரு எழுத்துப் பிழை வராது, அது மேட்ரன் அக்காவே சொல்லுவாவ.

செவ்வாக்கிழமை ஆர்டர் ஆச்சு. வியாழக்கிழமை கிரேஸ் போயிட்டா. கார் வரைக்கும் நான்தான் தூக்கிட்டுப் போனேன். என் கழுத்தைப் புடிச்சிக்கிட்டு விடல. விரலை ஒண்ணொண்ணா நான்தான் பிரிச்சேன். பிள்ளையைக் குடுத்த தாயை எல்லாரும் பாவம் பாவம்னு சொல்லுவாவ. நானும்தானே குடுத்தேன். என்கிட்ட யாரு வந்து ஆறுதல் சொன்னா? ஒரு வாரம் டைப்ரைட்டரைத் தொட முடியல எனக்கு. லீவு கேட்டேன். "எதுக்கு"ன்னாவ. காய்ச்சல்னேன்.

சொர்ணக்கனி அடுத்த ஐப்பசியில வந்தா. அதுக்கு அடுத்த ஐப்பசியிலயும் வந்தா. மழை விழுந்து உப்பளம் நின்னதும், வேற எங்கயும் போகுமுந்தி இங்கதான் வருவா. சண்டை போட மாட்டா. "ஏதும் கடுதாசி வந்துச்சாம்மா?" "இல்ல." "போட்டோ எதுவும்?" "இல்ல." காப்பி குடுப்பேன், குடிச்சிட்டுப் போயிருவா. போட்டோ வந்துச்சு டீச்சர். டென்மார்க்கார அம்மா வருசா வருசம் கிறிஸ்மசுக்கு அனுப்புவா. பனியில நிக்கா, சைக்கிள்ல போறா, பள்ளிக்கூட உடுப்புல இருக்கா. அதை எப்படிக் காட்ட முடியும்? பேப்பர்ல அவ செத்துப் போனவ. செத்துப் போனவகிட்ட போட்டோவைக் காட்டுறதா? பைல்லயே வச்சேன். காப்பகத்தை மூடினப்ப பைல் எல்லாம் கவர்மெண்டு ஆபீசுக்காரங்க கட்டித் தூக்கிட்டுப் போயிட்டாவ.

மூடினது பத்து வருசம் ஆச்சு. இப்ப அது கல்யாண மண்டபம். சொர்ணக்கனி அங்க போயிப் பாத்துட்டு, ஆள் யாரும் இல்லைன்னதும் விசாரிச்சு என் வீட்டுக்கு வந்துட்டா. அட்டையை அவ மவன் லேமினேசன் பண்ணிக் குடுத்திருக்கான். இத்தனை வருசத்துல என்னை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினது கிடையாது. நல்ல பொம்பள. அதையும் வேணும்னா எழுதிக்கிடுங்க. காப்பகத்துல பிள்ளை விட்டவங்க எல்லாம் எங்க மேல மரியாதை வச்சிருந்தாவன்னு.

அப்புறம் ரெண்டு வருசத்துக்கு முந்தி, தை மாசம், கிரேஸ் வந்தா.

ஆமா டீச்சர். இதே சேர்ல இருந்தா. முப்பத்தஞ்சு வயசுப் பொம்பள, தலைமுடியைக் கத்தரிச்சு விட்டிருந்தா. மெட்ராசுல இருந்து ஒரு பொண்ணைக் கூட்டியாந்திருந்தா, அந்தப் பொண்ணு தமிழ்ல சொல்லிச்சு. கோர்ட்டுப் பேப்பரை எடுத்துக் காட்டுனா. நான் அடிச்ச பேப்பர். அவ என்னை அடையாளம் கண்டுக்கிடுவாளோன்னு முகத்தையே பாத்தேன். பதிமூணு மாசத்துப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும்? ஒண்ணும் இல்ல. "உங்களை எட்டு மாசம் வளத்தது நாந்தான்"னேன். கையைப் புடிச்சு முத்தம் குடுத்தா. நான் அழுதுட்டேன்.

"எங்க அம்மாவுக்கு எப்படிச் சாவு வந்துச்சு?"ன்னு கேட்டா.

நீங்க என் இடத்துல இருந்தா என்ன சொல்லுவிய? இந்தப் பேப்பர் பொய்யின்னா? நானும் மேட்ரன் அக்காவும் சேந்து கோர்ட்டை ஏமாத்துனோம்னா? மேட்ரன் அக்கா செத்து பதினஞ்சு வருசம். கோயில்ல அவிய பேருல ஒரு ஜன்னலே இருக்கு. செத்தவங்க மேல பழி போடவா? "காய்ச்சல்"னேன். "எனக்கு ஒரு பேரு வச்சிருந்தாளா?"ன்னா. "இல்லம்மா, பேரு வைக்கிறதுக்கு முந்தியே போயிட்டா"ன்னேன். பேப்பர்ல கிரேஸைத் தவிர வேற பேரு இல்லையே. புதுசா ஒண்ணைச் சொன்னா, எங்க இருந்து வந்துச்சுன்னு கேப்பா.

அப்பம் கல்லறையைப் பாக்கணும்னு சொல்லிட்டா.

அதை நான் எதிர்பாக்கல. தெரியாதுன்னு சொன்னா விடுவாளா, அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கா. கூட்டிட்டுப் போனேன், நம்ம கோயில் கல்லறைத் தோட்டத்துக்கு. தெக்கு மூலையில சிலுவை உடைஞ்ச ஒரு கல்லறை கிடக்கும், பேரு எல்லாம் அழிஞ்சு. யாரும் வந்து பாக்கிறது இல்ல. நல்ல நிழலும் உண்டு. "இதுதான்"னேன். முட்டி போட்டு இருந்துட்டா. பூ வச்சா. தரையில கையை வச்சு வச்சுத் தடவுதா. அந்தப் பொண்ணு கிட்ட அவ பாசையில என்னவோ சொன்னா, அந்தப் பொண்ணும் அழுதுக்கிட்டே எனக்குச் சொல்லிச்சு. "சின்னப் பிள்ளையில எங்க அம்மா என்னை வேண்டாம்னு தூக்கிப் போட்டாளோன்னு கோவமா இருப்பேன். இப்ப கோவம் இல்ல. சாகப் போறவ என்ன செய்வா. எனக்கு ஒரு கோவமும் இல்லன்னு அவளுக்குச் சொல்லணும்னுதான் வந்தேன்." அப்புறம் தமிழ்ல "அம்மா"ன்னா. அது ஒண்ணு மட்டும் கத்துட்டு வந்திருக்கா.

அன்னைக்கு சொர்ணக்கனி பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி உப்புப் பாத்தியில நின்னிருப்பா. தை மாசம், சீசனுக்கு முந்தி பாத்தியை மிதிச்சு இறுக்குற நேரம். பஸ்ல முக்கா மணி நேரம்.

எனக்கும் தோணிச்சு டீச்சர். திரும்பி வரப்ப ஆட்டோவுல தோணிச்சு. வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா கல்லறையைக் காட்டியாச்சே. அதுக்கு முந்தி சொல்லியிருந்தா ஒரு மாதிரி. பிள்ள முட்டி போட்டு அழுது முடிச்சதுக்கு அப்புறம் எந்த வாயால சொல்லுவேன்?

போறப்ப ஒரு பேப்பர்ல போன் நம்பர், அட்ரஸ் எல்லாம் எழுதிக் குடுத்தா. சொந்தக்காரங்க யாராவது இருக்கிறது தெரிஞ்சா சொல்லுங்கன்னு. பீரோவுல இருக்கு.

ஏன் கேக்கிய? உங்களுக்கு எதுக்கு அது? இல்ல டீச்சர், தர மாட்டேன். கோவிச்சுக்கிடாதிங்க. குடுத்தா நீங்க பேசுவிய. பேசினா அவ வருவா. வந்து, அந்தக் கல்லறையில யாருன்னு என்னைக் கேப்பா. எனக்கு எழுபத்திரெண்டு வயசு. இந்த ஊர்ல தலை நிமிந்து கோயிலுக்குப் போயிக்கிட்டு இருக்கேன். சொர்ணக்கனி வருசத்துக்கு ஒரு தடவை வந்து கையெடுத்துக் கும்புடுதா. அவ பிள்ள நல்லா இருக்கு, ஒரு குறையும் இல்ல, படிச்சிருக்கு, வீடு இருக்கு. இப்ப சேத்து வச்சு யாருக்கு என்ன ஆகப் போவுது? ரெண்டு பேருக்கும் ஒருத்தர் பேசினா ஒருத்தருக்குப் புரியக் கூடச் செய்யாது. எழுதினதை அடிச்சிருங்க. இது மலருக்கு இல்ல. நான் சும்மா மனசுல கிடந்ததைச் சொன்னேன்.

போன மாசம் வந்திருந்தா, ஐப்பசிக்கு. மவன் ஆட்டோவுல ஏத்திக் கொண்டாந்தான். உப்புல அடிக்கிற வெளிச்சம் பாத்துப் பாத்து ரெண்டு கண்ணும் போயிட்டு. கையைப் புடிச்சு நாந்தான் உள்ள கூட்டியாந்தேன். கடுதாசி வந்துச்சான்னு இந்தத் தடவை கேக்கல. "இனி வர முடியாதும்மா. பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்"ன்னா. பாக்கிறதுக்குக் கண்ணு இல்ல, அப்படியும் பாத்துட்டுப் போவோம்னுதான் சொல்லுதா. காப்பி டம்ளரை அவ கையில வச்சேன். குடிக்கல. தடவித் தரையில வச்சிட்டு, "நான் வேண்டாம்னு விட்டுட்டேன்னு நினைச்சிருப்பாளோ? எம் பிள்ளைக்கு எம் மேல கோவமா இருக்குமாம்மா?"ன்னு கேட்டா.

"இல்ல சொர்ணம், உம் பிள்ளைக்கு உம் மேல ஒரு கோவமும் இல்ல"ன்னேன். முப்பத்தாறு வருசத்துல நான் அவகிட்ட சொன்ன ஒரே நிசம் அதுதான்.

"அது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"ன்னு கேட்டா.

ஜெபத்துல தெரிஞ்சுதுன்னேன். நம்பிட்டா.